விடியற்காலை நடையில் குறுக்கே வருபவை

சிறுவாணி மலையில் சாரல் பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். தடுப்பூசி, தீவனம், முடி உதிர்வு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாம்பு, உடும்பு, தேரை என்று எழுத ஆரம்பிப்பார்கள். மழை பெய்ததும் வளைக்குள் இருந்ததெல்லாம் வெளியே வருகிறது. வெயில் தாழ்ந்த அதே நேரமாகப் பார்த்து நாமும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

அரசு கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மருதமலை அடிவாரத்தில் குடியிருக்கிறேன். மணி, கருப்பி என்று இரண்டு நாட்டு நாய்கள். காலை ஐந்தே முக்காலுக்கு நாங்கள் மூவரும் நடக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதையில் இந்த மாதம் பார்த்தவை: தினமும் மயில்கள், குட்டிகளோடு ஒரு கீரி, இரண்டு சாரைகள், காட்டுப்பன்றி கிளறிப்போட்ட வரப்பு. இந்த இதழில் அந்த மாதிரிக் கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

டாக்டர் அம்மா, எங்கள் நாயை மாலையில் தோட்டத்துப் பக்கம் அவிழ்த்துவிட்டுத்தான் நடப்போம். போன வாரம் வரப்போரம் சுருண்டு கிடந்த ஒரு பாம்பின் முன்னால் நின்று விடாமல் குரைத்தது. பாம்பு குக்கர் மாதிரிச் சீறியது. கூப்பிட்டும் நாய் வரவில்லை. அது மலைப்பாம்புக் குட்டி, ஒன்றும் செய்யாது என்கிறார் மாமனார். ஒருவேளை கடித்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?
*வாசகி, உடுமலைப்பேட்டை*

நீங்கள் சொல்கிற சீற்றத்தைக் கேட்டால் அது கண்ணாடி விரியன் என்றுதான் எனக்குப் படுகிறது. மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். முதுகைப் பார்த்தால் தெரியும். விரியனுக்கு ஓரத்தில் கருப்பு வரையிட்ட பழுப்பு வட்டங்கள் சங்கிலி கோத்த மாதிரி வரிசையாக ஓடும். மலைப்பாம்புக்கு ஒழுங்கில்லாத பெரிய திட்டுகள்தான். ஆனால் இதையெல்லாம் ஆறடி தள்ளி நின்று பார்த்தால் போதும், கிட்டே போக வேண்டாம்.

சாரையோ நாகமோ நாயின் காலடிச் சத்தம் கேட்டதும் பெரும்பாலும் நழுவிவிடும். விரியன் அப்படிப் போகாது. இருந்த இடத்திலேயே சுருண்டு, உடம்பை ஊதிச் சீறும். நாய்க்கு அந்தச் சத்தம் எச்சரிக்கையாகப் படுவதில்லை, ஆர்வம்தான் கூடும். மூக்கை நீட்டிக்கொண்டு போகும். அதனால்தான் நான் பார்த்த விரியன் கடிகளில் பெரும்பாலானவை நாயின் மூக்கிலும் முகத்திலும் முன்னங்காலிலுமே இருந்தன. இது குட்டி போடும் காலமும்கூட. விரியன் முட்டையிடாது, ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டிகள் போடும். பென்சில் கனத்தில் இருக்கும் அந்தக் குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2009 டிசம்பரில், ராணி என்று ஒரு சிப்பிப்பாறைக் கலப்பு என்னிடம் இருந்தது. கயிறு இல்லாமலே என் பக்கத்தில் நடக்கும், அவ்வளவு சொல்பேச்சு கேட்கும். அறுத்த சோளக்காட்டைத் தாண்டும்போது எலி ஓடியது, ராணியும் பின்னால் ஓடினாள். பத்து விநாடி இருக்கும். திரும்பி வரும்போது மூக்கின் இடது பக்கம் இரண்டு சொட்டு ரத்தம். வீடு வந்து சேர்வதற்குள் முகம் முழுக்க வீங்கிவிட்டது. கையில் இருந்தது இரண்டே குப்பி விஷமுறிவு மருந்து. மீதிக்கு மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கி, கிடைத்து ஏற்றும்போது நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. வீக்கம் வடிந்தது, சாப்பிடக்கூடச் செய்தாள். மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. விரியன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், பிறகு சிறுநீரகத்தில் கைவைக்கும். மருத்துவரான எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ராணியை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அன்றிலிருந்து என் நாய்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் கயிற்றில்தான் வரும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிபட்ட நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையை உடனே கழற்றுங்கள், முகமும் கழுத்தும் வீங்கும்போது அது மூச்சை இறுக்கும். கடிவாய்க்கு மேல் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, மஞ்சள் வைப்பது எதுவும் வேண்டாம். நாம் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். அப்புறம், பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர நேரத்தை வீணாக்காதீர்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து நம் நாட்டில் ஒரே மருந்துதான். விரியன் கடிதானா என்ற சந்தேகத்தைத் தீர்க்க மருத்துவரிடம் எளிய வழி இருக்கிறது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறையாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது.

“சின்ன நாய்தானே, ஒரு குப்பி போதாதா?” என்று கேட்பார்கள். பாம்பு, நாயின் எடையைப் பார்த்துக் கடிப்பதில்லை. 10 கிலோ நாய் மேல் பாய்ந்ததும் 40 கிலோ நாய் மேல் பாய்ந்ததும் அதே விஷம்தான். எடை குறைவு என்று மருந்தைக் குறைக்க முடியாது. உங்கள் ஊரில் எந்தக் கால்நடை மருத்துவமனையில், எந்த மருந்துக் கடையில் இந்த மருந்து இருப்பில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். ராணிக்கு நான் செய்யத் தவறியது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மருந்துக்குத் தேவையான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-இல் தொடங்கிய சங்கம். பிடித்த பாம்பிடம் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரப்பில் கிடந்த அந்த விரியனை ஆள் வைத்து அடித்துவிடலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. எலி இருக்கும் வரைக்கும் அந்த இடத்துக்கு அடுத்த விரியன் வரும். நாய்க்குக் கயிறு போடுங்கள், கையில் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், வரப்போரப் புல்லை விட்டு நடுப்பாதையில் நடங்கள்.

குன்னூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வீடு. லாப்ரடாரோடு காலையில் நடக்கும்போது வாரத்தில் மூன்று நாளாவது காட்டெருமை பாதையில் நிற்கிறது. அது சாதுவாகத்தான் பார்க்கிறது. மெதுவாகப் பக்கத்தில் கடந்து போகலாமா?
*வாசகர், குன்னூர்*

கடக்காதீர்கள் சார். வளர்ந்த ஆண் காட்டெருமை முக்கால் டன்னுக்கும் மேல் எடை இருக்கும். நீங்கள் மட்டும் போனால் ஒருவேளை விட்டுவிடும். நாயோடு போகும்போது கணக்கு வேறு. காட்டில் அதைக் கூட்டமாக விரட்டி வேட்டையாடும் செந்நாய்க்கும் உங்கள் லாப்ரடாருக்கும் அதன் கண்ணில் பெரிய வித்தியாசம் இருக்காது. கன்றோடு நிற்கும் பசுவாக இருந்தால் இன்னும் மோசம்.

மலையூர்க்காரர்கள் எல்லாரிடமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் குரைத்துக்கொண்டே காட்டெருமையிடம் ஓடும். அது ஒரு எட்டு முன்னால் வைத்ததும் பயந்து திரும்பி ஓடிவரும். எங்கே ஓடிவரும்? உங்களிடம். உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். துரத்தி வந்த மிருகத்தின் முன்னால் இப்போது நிற்பது நீங்கள். யானை, கரடி, காட்டுப்பன்றி எதுவானாலும் இதே கதைதான். நாய் நம்மைக் காப்பாற்றும் என்று நம்பி அவிழ்த்துவிடுகிறோம், அது ஆபத்தைக் கையோடு கூட்டிவந்துவிடுகிறது. இதில் நாயைக் குற்றம் சொல்ல முடியாது. பயந்த பிள்ளை அம்மாவிடம் ஓடிவருவதைப் போலத்தான்.

காட்டெருமை உங்களுக்குப் பக்கவாட்டைக் காட்டித் திமிலை உயர்த்தி விறைப்பாக நின்றாலோ, மூக்கால் புஸ் என்று ஊதினாலோ, தலையைத் தாழ்த்தினாலோ அது சாது இல்லை, “போய்விடு” என்கிறது. நாயை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல் வந்த வழியே பின்வாங்குங்கள், ஓட வேண்டாம். அதற்கு வழி விட்டுவிட்டு வேறு தெருவில் போங்கள். பனி இறங்கிய காலையில் பத்தடிக்கு அப்பால் தெரியாது என்று உங்களுக்கே தெரியும். ஏழரை மணிக்கு மேல் கிளம்பினால் என்ன?

இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும் கயிறு ஒன்று கடைகளில் விற்கிறது. உங்கள் ஊருக்கு அது ஆகவே ஆகாது. நாலடிக் கயிறு போதும்.

அப்புறம் சிறுத்தை. நாய் அதற்குப் பிடித்தமான இரை. 2023 தீபாவளியின்போது உங்கள் குன்னூரிலேயே ஒரு சிறுத்தை வீட்டுக்குள் புகுந்து, தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலரைக் காயப்படுத்தியதை மறந்திருக்க மாட்டீர்கள். இரவில் நாயை வராந்தாவில் கட்டிப் போடுவது சிறுத்தைக்கு இலை போட்டு வைத்த மாதிரி. கட்டிய நாயால் ஓடக்கூட முடியாது. வீட்டுக்குள் படுக்க வையுங்கள். இருட்டிய பிறகு சிறுநீர் கழிக்க வெளியே விடும்போது விளக்கைப் போட்டு, கூடவே நில்லுங்கள்.

என் நாய் நடக்கும்போது கீழே கிடப்பதையெல்லாம் கவ்வுகிறது. எலும்போ, பழமோ, எதுவானாலும் சரி. வயிற்றுக்கு ஏதாவது ஆகுமா?
*கல்லூரி மாணவர், தொண்டாமுத்தூர்*

தம்பி, உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பற்றிய கவலை இரண்டாம்பட்சமாகிவிட்டது. மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கிறார்கள். பழத்துக்குள்ளோ குடலுக்குள்ளோ வெடிமருந்தை வைத்துக் கட்டிய உருண்டை, கடித்ததும் வாயிலேயே வெடிக்கும். சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. யானைகள்கூடத் தாடை சிதைந்து, பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. வேலையில் இருந்த காலத்தில் நான் ஐந்து நாய்களை அந்த நிலையில் பார்த்தேன். நான்கை வலி தெரியாமல் தூங்கவைப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியவில்லை. ஒன்றுக்குக் கீழ்த்தாடையில் பாதியை எடுத்தோம். அது கூழ் குடித்து இன்னும் ஆறு வருடம் வாழ்ந்தது. அந்த வீட்டுப் பாட்டி தினமும் கையால் ஊட்டினார்.

மயிலுக்காகத் தானியத்தில் கலந்த பூச்சிமருந்து, பெருச்சாளிக்கு வைத்த விஷ உருண்டை, இவையும் அதே வரப்பில்தான் கிடக்கின்றன. “விடு” என்ற ஒரு சொல்லை நாய்க்குப் பழக்குங்கள். கையில் ஒரு பிஸ்கட்டை மூடிக் காட்டி, “விடு” என்று சொல்லி, அது முகத்தைத் திருப்பியதும் மற்றக் கையிலிருந்து இன்னும் நல்ல தீனி கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, இரண்டு மூன்று வாரம். அதுவரை தோட்டத்துப் பாதையில் நடக்கும்போது வாய்க்கூடு போட்டுவிடுங்கள். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூண்டு மாதிரியானது நல்லது. துணியில் இறுக்கிக் கட்டும் வகை வெயிலுக்கு ஆகாது. அவுட்டுக்காய் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம்.

பின்வாசலில் மூன்றடி உடும்பு ஒன்று அடிக்கடி வருகிறது. எங்கள் பொமரேனியன் அதைப் பார்த்து வெறிபிடித்த மாதிரிக் குரைக்கிறது. உடும்புக்கு விஷம் உண்டாமே? ஆள் வைத்துப் பிடித்துவிடலாம் என்கிறார்கள்.
*குடும்பத் தலைவி, தாம்பரம்*

பிடிக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. பிடிக்கிறேன் என்று வருகிறவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று நினைக்கிறீர்கள்? கறிக்கும் எண்ணெய்க்கும்தான் போகும்.

விஷத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் மூலையில் சிக்கினால் வாலால் சாட்டை மாதிரி அடிக்கும், கடித்தால் லேசில் விடாது. உடும்புப்பிடி என்று சும்மாவா சொன்னார்கள்! உங்கள் பொமரேனியன் சிறியது, அதன் மூக்கு கிழியும். உடும்பு தெரிந்தால் நாயை உள்ளே தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் கதவைச் சாத்துங்கள், அது தன் வழியே போய்விடும். எலி, நண்டு, பூச்சி, முட்டை என்று தின்கிற உயிர். தாம்பரத்தைச் சுற்றி ஏரிகளும் புதர்களும் வீட்டுமனைகளான பிறகு அதற்குப் போக்கிடம் உங்கள் பின்வாசல்தான். சல்லடை வைத்த சாக்கடை மூடியும், கோழி முட்டையைத் திறந்த இடத்தில் போடாமல் இருப்பதும் போதும், வருகை குறையும்.

நாகர்கோவிலில் எங்கள் ஓட்டின்மேல் மரநாய் குடியிருக்கிறது. எங்கள் நாய்க்கு அதனால் நோய் வருமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்*

உங்கள் நாயால் மரநாய்க்கு நோய் வருமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கலாம் ஐயா. டிஸ்டெம்பர் என்று ஒரு வைரஸ் நோய். தடுப்பூசி போடாத நாய்களிடம் சாதாரணமாகக் காண்கிறோம். அது மரநாய், நரி, கீரி வரைக்கும் தொற்றும். 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அவற்றில் சிலவற்றிடம் கண்டுபிடித்தது இந்த வைரஸைத்தான். வெறிநோய் இரண்டு பக்கமும் போகும். அதனால் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசியும், டிஸ்டெம்பரும் எலிக்காய்ச்சலும் சேர்ந்த தடுப்பூசியும் வருடம் தவறாமல் போடுங்கள். மரநாயோ கீரியோ நாயைக் கடித்துவிட்டால், ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். இடையில் கை கொடுத்து விலக்கப்போய் உங்களுக்குக் கடி விழுந்தாலும் இதேதான். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்.

மரநாயை விரட்ட வேண்டாம். பழம் தின்று விதை பரப்புகிற பிராணி. குட்டிகள் பெரிதாகித் தானாகப் போன பிறகு ஓட்டின் சந்தை அடைத்துக்கொள்ளுங்கள்.

தேரையை வாயில் கவ்விய நாய்க்கு நுரை தள்ளுகிறது.
*வாசகர், பொள்ளாச்சி*

தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மேட்டிலிருந்து ஒரு பால் சுரக்கும், அதன் எரிச்சல்தான். நாயின் தலையைக் கீழ்ப்பக்கம் சாய்த்து, வாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் விட்டு, ஈறைத் துணியால் துடையுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. பெரும்பாலும் அரை மணியில் சரியாகும். தள்ளாட்டமோ வலிப்போ வந்தால் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

டாக்டர் பாட்டி, நானும் எங்கள் டைகரும் தினமும் போகும் காலி மைதானத்தில் ஒரு பறவை கத்திக்கொண்டே டைகர் தலைமேல் பாய்கிறது. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக இருக்கிறது, கால் மஞ்சள். டைகர் அதை ஒன்றுமே செய்யவில்லை. ஏன் அதற்குக் கோபம்?
*ஆறாம் வகுப்பு மாணவி, ஈரோடு*

கண்ணு, இவ்வளவு நன்றாகப் பார்த்து எழுதியதற்கு முதலில் ஒரு சபாஷ். அதன் பெயர் ஆள்காட்டி. யார் வந்தாலும் கத்திக் காட்டிக்கொடுப்பதால் அந்தப் பெயர். அது கூடு கட்டாது. வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டை வைக்கும், பெரும்பாலும் நான்கு. முட்டையும் கல் நிறத்திலேயே புள்ளி புள்ளியாக இருக்கும். நீ மிதித்தால்தான் தெரியும், அவ்வளவு ஒளிவு. டைகர் ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது தெரியாதே. முட்டை இருக்கும் இடத்துக்கு டைகர் நெருங்க நெருங்க அவை இன்னும் தாழ்வாகப் பாயும்.

வெயில் கொளுத்தும் நாளில் அவை எங்கேயாவது தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும், சூடு தணிய. நாம் விரட்டி அவை எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் முட்டை வெயிலில் காயும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே இப்படிச் செய். பறவை கத்த ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்துக்கொள். அங்கிருந்து திரும்பி, டைகரைக் கயிற்றில் பிடித்து மைதானத்தின் அந்தப்புற ஓரமாக ஒரு மாதம் நட. முட்டை பொரிய நாலு வாரம் ஆகும். குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே நடக்கும், அம்மா ஒரு குரல் கொடுத்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். அப்போதும் ஓரமாகவே போ. மைதானத்தில் கிரிக்கெட் விளையாடும் அண்ணன்களிடமும் சொல்லிவை. எத்தனை குஞ்சு என்று எண்ணி எனக்கு எழுது, டைகர் எப்படி நடந்துகொண்டான் என்றும் எழுது.